பழைய ஃபைபர் படகு விற்கப் போறீங்களா?

நாகப்பட்டினத்தில் அக்கரைப்பேட்டை, நம்பியார் நகர் பக்கம் போனால் கரையில் வரிசையாக நிற்பவை ஃபைபர் படகுகள்தான். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக இவை ஏராளமாக வந்து இறங்கின. கட்டுமரங்கள் மெல்ல ஒதுங்கின. கண்ணாடி இழையையும் ரெசினையும் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த படகு துருப்பிடிக்காது. அதனால் கைமாறிக் கைமாறி ஓடும்.

விற்க நினைத்ததும் பலர் முதலில் பெயின்ட் அடிக்கிறார்கள். வேண்டாமே! பளபளப்பைப் பார்த்தால் வாங்குபவருக்குச் சந்தேகம்தான் வரும். விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார். 'டக் டக்' என்று கெட்டியாகக் கேட்டால் சரி. 'பொத்' என்றால் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம்.

பெரிய வில்லங்கம் பின்பக்கம். மோட்டார் மாட்டும் இடத்தில் பெரும்பாலும் ஃபைபருக்குள் மரப்பலகை வைத்திருப்பார்கள். போல்ட் துளை வழியாகத் தண்ணீர் இறங்கினால் பலகை ஊறி உளுத்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. நடுக்கடலில் மோட்டாரோடு அது பிய்ந்து வந்தால் என்ன ஆகும்? படகில் நாலு பேர் இருப்பார்களே! ஒட்டுப்போட்ட இடத்தை நீங்களே காட்டிவிடுங்கள். விலை கொஞ்சம் குறையும், குறையட்டும்.

மோட்டாருக்கும் வலைக்கும் தனி விலை பேசுங்கள்.

பணம் கைக்கு வந்ததும் வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். மீன்வளத்துறைப் பதிவு இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது. அந்தப் படகு எல்லை தாண்டியதாகப் பிடிபட்டால் முதலில் தேடப்படுவது பதிவில் உள்ள பெயரைத்தான். வாங்கியவரையும் கூட்டிக்கொண்டு அன்றைக்கே அலுவலகத்துக்குப் போய்ப் பெயர் மாற்ற எழுதிக் கொடுங்கள். மோட்டார் வாங்கிய ரசீது பரணில் கிடந்தால், அதையும் தேடி எடுத்துக்கொண்டு போங்கள்.