பாலைவெளி தந்த பாடசாலை

மாற்றல் உத்தரவு வந்ததும் நம்மவர் முதலில் கவலையுறுவது குழந்தைகளின் படிப்பைக் குறித்தேயன்றோ?

மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவெளியில் வளர்ந்த மார்ட்டின் டூகியாமாஸ் என்பாருக்கு அருகில் பள்ளிக்கூடம் இல்லை. சிறுவயதில் வானொலி வழியாகவே பாடம் கேட்டார். பின்னர் பெர்த் நகரின் கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் பணிபுரிகையில், இணையவழிக் கற்பித்தலுக்கென 'மூடில்' என்னும் மென்பொருளை ஆக்கத் தொடங்கி, 2002-இல் மூல நிரலோடு உலகுக்கு வழங்கினார். இல்லத்திலிருந்தே பயில்வோர்க்கென ஏற்பட்ட பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2005-இல் அதனைத் தேர்ந்தெடுத்தது.

மென்பொருளுக்கு விலையில்லை, கணினிக்கும் பராமரிப்புக்கும் செலவுண்டு. எனினும், எவரும் திருத்திக்கொள்ளலாம். தம் மொழியில் பெயர்த்துக்கொள்ளலாம். தமிழ்ப் பெயர்ப்பும் உண்டு.

எவ்வூர் சென்றாலும் நம் குழந்தைகளின் தமிழ் வகுப்பு இடையறாது நடைபெற இது உதவாதோ? சங்கத்து அன்பர்கள் சிந்திப்பார்களாக.