இல்லாத கடல் சொன்ன சாட்சி

ழான் பாத்தீஸ்த் நோலேன் 1700இல் பாரிசில் வெளியிட்ட உலக வரைபடத்தின் நகலை நேற்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு அரைக்கோளங்கள், அவற்றைச் சுற்றிலும் கண்ணைப் பறிக்கும் சித்திர வேலைப்பாடு. என் கண் போய் நின்றதோ வட அமெரிக்காவின் மேற்கில் இருக்கும் ஓர் உள்நாட்டுக் கடலில். ‘மேற்குக் கடல்’ என்று பெயர். அப்படியொரு கடல் உலகில் கிடையாது! அப்போது இருபத்தைந்தே வயதான வரைபடக் கலைஞர் கியோம் தெலீல், கிடைத்த குறிப்புகளை வைத்து ஊகித்த கடல் அது. கையால் வரைந்த பூகோள உருண்டை ஒன்றில் மட்டும் அதைக் காட்டியிருந்தார். அச்சிட்ட படங்களில் சேர்க்கவில்லை. அது நோலேன் படத்தில் வந்ததும், தன் வேலையைத் திருடிவிட்டதாகத் தெலீல் வழக்குத் தொடுத்தார், வென்றார். உண்மையான கரையை இருவர் தனித்தனியே அளந்து ஒரே மாதிரி வரையலாம். ஒருவர் மனத்தில் மட்டும் இருந்த கடலை இன்னொருவர் எங்கே போய் அளப்பது? நோலேனின் சித்திரங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும், என் மதிப்பு தெலீலுக்குத்தான். உறுதியில்லாததை அச்சேற்றாமல் வைத்திருந்த அந்த நிதானம் பெரிது. அவர் குடும்பத்துக்கே அது வாய்க்கவில்லை. அவர் இறந்து கால் நூற்றாண்டு கழித்து, தம்பியும் மருமகன் புவாஷும் அதே கடலை இன்னும் பெரிதாக்கி 1752இல் அச்சிட்டார்கள். 1792 முதல் 1794 வரை கடலோடி வான்கூவர் வட அமெரிக்காவின் மேற்குக் கரையை அளந்து முடித்தபோது, அங்கே அப்படியொரு கடல் இல்லை.