உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் உள்ஒதுக்கீடு வேண்டும்

குற்றாலத்தில் சாரல் தொடங்கும் ஜூன் மாதத்தில்தான் வழக்கமாக நீட் முடிவும் வருகிறது. அடுத்த சில நாள்களிலேயே எம்.பி.பி.எஸ். விண்ணப்பம் தொடங்கிவிடும். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்று என்று தென்காசி, செங்கோட்டை, சுரண்டை இ-சேவை மையங்களில் பெற்றோர் காத்துக் கிடப்பார்கள். ஐந்தருவி சாலையில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் கூறுகட்டி விற்கிறவர்களுக்கு ஆண்டு முழுவதற்குமான வருமானம் இந்த இரண்டு மூன்று மாதங்களில்தான். கடையை மூடிவிட்டு வந்துதான் அவர்கள் வரிசையில் நிற்க வேண்டும். ஆனாலும் நான்கு நாள் அலைந்தால் இந்தச் சான்றுகள் கைக்கு வந்துவிடும். எத்தனை நாள் அலைந்தாலும் சிலருக்குக் கிடைக்காத சான்று ஒன்று இருக்கிறது: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தார் என்னும் சான்று.

அந்தத் தாளின் மதிப்பு இந்த வட்டாரத்துப் பெற்றோருக்கு நன்றாகத் தெரியும். நீட் வந்த பிறகு மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்த அரசுப் பள்ளி மாணவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலையில், 2020-இல் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. அந்த ஓராண்டிலேயே முந்நூறுக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எம்.பி.பி.எஸ். இடம் பெற்றார்கள். அவர்களின் கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்றது. தமிழக அரசு அண்மைக் காலத்தில் செய்த நற்காரியங்களில் இதற்கு முன்வரிசையில் இடம் உண்டு. நாம் இப்போது கேட்பது, அந்தச் சட்டம் வெளியே நிறுத்திவிட்ட பிள்ளைகளுக்காக.

அரசு உதவிபெறும் பள்ளிகளின் மாணவர்கள் இந்த ஒதுக்கீட்டில் இல்லை. சென்னையிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது சிறிய விடுபடலாகத் தோன்றலாம். பழைய நெல்லைச் சீமையில் அப்படியில்லை. மிஷனரிகள் காலத்திலிருந்தே இங்கே கல்வியை ஊருக்குள் கொண்டுவந்தவை இத்தகைய பள்ளிகள்தாம். சி.எஸ்.ஐ. திருமண்டலத்தின் டி.டி.டி.ஏ. பள்ளிகள், கத்தோலிக்க மறைமாவட்டப் பள்ளிகள், ஊர்ப் பெரியவர்களும் சமுதாய அமைப்புகளும் நிலம் கொடுத்துத் தொடங்கிய பள்ளிகள் என்று இன்றும் இவை ஏராளம். பல கிராமங்களில் நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் ஒரே நடுநிலைப் பள்ளி உதவிபெறும் பள்ளிதான். பீடி சுற்றும் தாய் தன் மகளை அங்கே சேர்ப்பது வேறு பள்ளி இல்லாததால்தான்.

அந்தப் பள்ளியில் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது அரசு. பாடநூலும் சத்துணவும் பஸ் பாஸும் பதினொன்றாம் வகுப்பில் சைக்கிளும் அரசு கொடுப்பவை. மகளை இரண்டு ஆண்டு கோச்சிங்குக்கு அனுப்பப் பணம் இல்லாத வீடு என்பதிலும் அரசுப் பள்ளி மாணவியின் வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் வித்தியாசம் கிடையாது. பிறகு ஏன் மருத்துவ விண்ணப்பத்தில் மட்டும் இவள் பொதுப் பிரிவில், பெருநகரக் கோச்சிங் மையங்களின் ரிப்பீட்டர்களோடு போட்டியிட வேண்டும்?

இதைவிட வலிக்கிற இடம் ஒன்று உண்டு. ஊரில் உள்ள உதவிபெறும் நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடித்துவிட்டு, ஒன்பதாம் வகுப்பில் அரசு மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்து, பன்னிரண்டு வரை அங்கேயே படித்த மாணவிக்கும் இந்த ஒதுக்கீடு கிடையாது. ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று ஆண்டுகள் அவளைத் தடுத்துவிடுகின்றன. ஆனால் கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு ஒன்பதில் அரசுப் பள்ளிக்கு வந்த மாணவருக்கு இதே சட்டம் விதிவிலக்கு தருகிறது. தந்தது சரியே. வசதியற்ற குடும்பத்துப் பிள்ளை என்பதால்தான் தந்தார்கள். அந்தக் காரணம் உதவிபெறும் பள்ளியிலிருந்து வந்தவளுக்கும் அப்படியே பொருந்துமே! பதினோரு வயதுக் குழந்தையை ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போது, ஏழு ஆண்டு கழித்து வரப்போகும் விண்ணப்பத்தின் விதியை எந்தப் பெற்றோர் யோசித்திருப்பார்?

இரு பள்ளிப் பிள்ளைகளும் ஒரே நிலையில் உள்ளவர்கள் என்பதை அரசே வேறு இடங்களில் ஒப்புக்கொண்டிருக்கிறது. உயர்கல்விக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டுமாகத் தொடங்கியது. 2024 டிசம்பரில் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கும் அது விரிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டம் முதல் நாளிலிருந்தே இரு வகைப் பள்ளி மாணவர்களுக்கும் சேர்த்துத்தான் வந்தது. காலை உணவும் ஊரக உதவிபெறும் பள்ளிகளுக்குப் போயிருக்கிறது. மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கும்போது சமம் என்று கண்ட பிள்ளைகளை மருத்துவ இடம் என்று வந்ததும் பிரிப்பதற்கு நியாயம் இல்லை.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் பங்கு குறைந்துவிடுமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. நகரங்களில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பெயர்பெற்ற உதவிபெறும் பள்ளிகளும் உண்டு. கதவை முழுதாகத் திறந்தால் இடங்கள் அங்கே போய்ச் சேரும். அதனால் 7.5 விழுக்காட்டில் கைவைக்கவே வேண்டாம் என்கிறோம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் மருத்துவச் சேர்க்கையை ஆராய அரசு அமைத்த நீதியரசர் கலையரசன் ஆணையம் பரிந்துரைத்தது 10 விழுக்காடு. அரசு கொடுத்தது 7.5. மீதமுள்ள 2.5 விழுக்காட்டுக்குள், ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ் வழியில் உதவிபெறும் பள்ளியில் படித்தவர்களுக்கு, குடும்ப வருமான வரம்போடு, தனிப் பிரிவு உருவாக்கலாம். ஆணையம் அரசுப் பள்ளிகளை மனத்தில் வைத்துச் சொன்ன அளவு அது என்பதை மறக்கவில்லை. என்றாலும் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஓர் அளவுகோல் அங்கே இருக்கிறது.

சென்னை உயர் நீதிமன்றம் 2022 ஏப்ரலில் இந்த ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தபோது, உதவிபெறும் பள்ளிகளையும் சேர்க்கும் கோரிக்கையை ஏற்கவில்லை. அதைக் காட்டி அரசு ஒதுங்கிக்கொள்ள முடியாது. நீதிமன்றம் சொல்லிச் சேர்ப்பது வேறு, சட்டமன்றமே முன்வந்து சேர்ப்பது வேறு. ஐந்து ஆண்டுகளுக்குள் இந்த ஒதுக்கீட்டை மறுஆய்வு செய்யவும் அதே தீர்ப்பு சொல்லியிருக்கிறது. திருத்தத்துக்கு இதைவிடப் பொருத்தமான வாய்ப்பு எது?

நீட்டே போய்விட்டால் இந்தப் பேச்சு வேண்டியதில்லை என்பது உண்மை. ஆனால் 2021-இல் பேரவை நிறைவேற்றிய விலக்கு மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை என்று 2025 ஏப்ரலில் பேரவையிலேயே அறிவிக்கப்பட்டுவிட்டது. போராட்டம் தொடரட்டும். அதற்குள் ஒவ்வோர் ஆண்டும் ஒரு வகுப்புப் பிள்ளைகள் பள்ளியை விட்டு வெளியேறிக்கொண்டிருக்கிறார்கள்.

தென்காசிக்கு இதில் தனி அக்கறை உண்டு. 2019 நவம்பரில் தனி மாவட்டமானோம். 2022 ஜனவரியில் தமிழகத்தில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒரே நாளில் திறக்கப்பட்டபோது தென்காசியின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. நள்ளிரவில் நோயாளியின் நிலை மோசமானால் இன்றும் காதில் விழும் சொல் “ஹைகிரவுண்டுக்குக் கொண்டுபோங்க” என்பதுதான். அந்த அரசு மருத்துவமனை இருக்கும் பாளையங்கோட்டைக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். இந்த மண்ணின் பிள்ளைகள் மருத்துவம் படித்தால் அவர்களில் சிலராவது சங்கரன்கோவிலிலும் கடையநல்லூரிலும் வேலைபார்க்க வருவார்கள் என்று நம்ப இடமிருக்கிறது.

தனி ஒதுக்கீட்டுக்குக் கணக்கெடுப்பும் சட்ட ஆலோசனையும் தேவைப்படலாம். மறுஆய்வோடு சேர்த்து அதை முடிக்கட்டும். எட்டாம் வகுப்பு வரை உதவிபெறும் பள்ளியிலும் ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளியிலும் படித்தவர்களுக்கு அவ்வளவு காத்திருப்பு வேண்டியதில்லை. சட்டத்தின் விளக்கப் பிரிவில் ஒரு வரி சேர்த்தால் போதும். தென்காசி மாவட்டத்தின் சட்டமன்ற உறுப்பினர்கள் கட்சி பார்க்காமல் அந்த ஒரு வரியைப் பேரவையின் அடுத்த கூட்டத்தொடரிலேயே கேட்டு வாங்க வேண்டும்.