விமானத்தில் எம்.பி.யும் ஒரு பயணிதான்

மத்திய விமானப் போக்குவரத்துத் துறை அமைச்சர் கிஞ்சராப்பு ராம் மோகன் நாயுடு அவர்களுக்கு,

கும்மிடிப்பூண்டி வட்டம், சுண்ணாம்புக்குளத்திலிருந்து எழுதுகிறேன். பழவேற்காடு ஏரியின் இந்தக் கரை எங்களுடையது. ஏரியின் பெரும்பகுதி உங்கள் ஆந்திரத்தில் கிடக்கிறது. ஒரே தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்பவர்கள் என்ற உரிமையில் இந்த மடல்.

போன வருடம் முதல்முறையாக விமானம் ஏறினேன், சென்னையிலிருந்து மதுரைக்கு. அவசரக் கதவை ஒட்டிய இருக்கை. பணிப்பெண் குனிந்து, "ஐயா, நாங்க சொன்னா மட்டும்தான் இந்தக் கைப்பிடியைத் தொடணும், சரிங்களா?" என்று கேட்டார். தலையாட்டினேன். அவர் நகரவில்லை. "சரிம்மா" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அடுத்த வரிசைக்குப் போனார். மதுரை போய்ச் சேரும்வரை என் இரண்டு கையும் மடியிலேயே இருந்தன.

2022 டிசம்பர் 10 அன்று, சென்னையிலிருந்து திருச்சிக்குப் புறப்படவிருந்த இண்டிகோ விமானத்தில் அப்படி ஒரு கதவு திறந்துகொண்டது. விமானம் தரையில் நின்றது, பயணி தவறுதலாகத் திறந்தார், உடனே மன்னிப்புக் கேட்டார் என்று 2023 ஜனவரி 17-ல் நிறுவனம் அறிக்கை விட்டது. அந்த அறிக்கையில் பயணியின் பெயர் இல்லை. அவர் பெங்களூரு தெற்கு எம்.பி. தேஜஸ்வி சூர்யா. தவறுதலாகத்தான் நடந்தது என்பதை நான் நம்புகிறேன். யார் கையும் தவறும். ஆனால் விமானத்தைச் சோதித்து முடிக்கும்வரை காத்துக் கிடந்தவர்களிடமும், அவருக்கு ஓட்டுப் போட்டவர்களிடமும் "என் கைதான் பட்டது" என்று அன்றைக்கே அவர் வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் அதை மூடி வைத்ததுதான் எனக்கு வலிக்கிறது.

இன்னொன்று தவறுதலாக நடந்ததல்ல. 2017 மார்ச் 23 அன்று, சிவசேனா எம்.பி. ரவீந்திர கெய்க்வாட், உயர் வகுப்பு இல்லாத விமானத்தில் தன்னை ஏற்றிவிட்டார்கள் என்று டெல்லியில் இறங்க மறுத்தார். கேட்க வந்த ஏர் இந்தியா அதிகாரியைச் செருப்பால் அடித்தார். 25 முறை அடித்தேன் என்று கேமராவுக்கு முன்னால் அவரே சொன்னார். விமான நிறுவனங்கள் தடை போட்டன. நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்பேன், அந்த அதிகாரியிடம் கேட்க மாட்டேன் என்றார். அப்போதைய விமானப் போக்குவரத்து அமைச்சருக்கு வருத்தக் கடிதம் எழுதினார். அமைச்சகம் ஏர் இந்தியாவுக்கு எழுதியது. ஏப்ரல் 7-ல் தடை நீங்கிற்று. மொத்தம் இரண்டு வாரம்.

இதோடு தூத்துக்குடியையும் வைத்துப் பாருங்கள். 2018 செப்டம்பர் 3 அன்று, அப்போதைய பா.ஜ.க. மாநிலத் தலைவர் தமிழிசை சௌந்தரராஜன் வந்த விமானத்தில் ஒரு மாணவி பா.ஜ.க. ஆட்சிக்கு எதிராக முழக்கமிட்டார். அன்றைக்கே கைது, மறுநாள்தான் ஜாமீன். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வழக்கை ரத்து செய்தது 2023-ல். விமானத்துக்குள் கத்துவது எனக்கும் பிடிக்காது. ஆனால் கத்தியவருக்கு ஐந்து வருடம் வழக்கு, அடித்தவருக்கு இரண்டு வாரம் தடை என்றால் இது எந்த ஊர் நியாயம்?

எங்கள் ஏரிக் குப்பங்களில் பாடு என்றொரு முறை உண்டு. இன்ன நாளில் இன்ன தலைக்கட்டுக்காரர்கள் இன்ன இடத்தில் வலை போடலாம் என்று ஊர் கூடிப் பிரித்துக்கொள்வது. அடுத்தவன் பாட்டில் வலை இறக்கினால் அபராதம். பெரிய குடும்பம் என்று அதில் விலக்குக் கேட்க முடியாது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகாதே என்று அறிவிப்பு வந்தால், அன்றைய வருமானம் போனாலும் படகைக் கரையில் கட்டுகிறோம். விதியை மீறினால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். 2011 டிசம்பர் 25 அன்று, அளவுக்கு மீறி ஆளேற்றிய படகு இதே ஏரியில் கவிழ்ந்து 22 பேர் செத்தார்கள். படகும் விமானமும் எனக்கு ஒன்றுதான். உள்ளே ஒருவர் செய்கிற காரியத்துக்கு எல்லாரும் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

தலைவர்களை நான் எடை போடும் இடமும் இதுதான். "உங்களுக்கு இன்றைக்கு இந்த இருக்கைதான் சார்" என்று சம்பளத்துக்கு நிற்கும் ஒருவர் சொல்வதைப் பொறுக்க முடியாதவரிடம், ஒரு தொகுதியை நம்பி ஒப்படைக்க எனக்கு மனம் வராது. உங்கள் கட்சியின் அப்போதைய எம்.பி. ஜே.சி. திவாகர் ரெட்டியும் 2017 ஜூனில் விசாகப்பட்டினம் விமான நிலையத்தில் தாமதமாக வந்து ரகளை செய்து தடைக்கு ஆளானவர்தான். உங்கள் கட்சிக்காரரையும் சேர்த்தே சொல்கிறேன்.

விதி இருக்கிறது. 2017 செப்டம்பரில் வந்தது. வாய்ச்சண்டைக்கு 3 மாதம் வரை, கைவைத்தால் 6 மாதம் வரை, உயிருக்கு ஆபத்து விளைவித்தால் குறைந்தது 2 வருடம் தடை. ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும். மக்கள் பிரதிநிதி என்றாலும் அந்தக் குழுவே முடிவு செய்யட்டும். அடிபட்ட ஊழியரிடம் நேரில் மன்னிப்புக் கேட்காமல் தடை நீங்கக் கூடாது. எந்த எம்.பி.க்காகவும் தடையை நீக்கச் சொல்லி உங்கள் அமைச்சகத்திலிருந்து இனி ஒரு கடிதமும் போகாது என்று எழுத்தில் உத்தரவு போடுங்கள்.

இப்படிக்கு,
சுண்ணாம்புக்குளத்து மீனவன் ஒருவன்