இலவச லேப்டாப்பும் மூணு லினக்ஸும்

மகளுக்குப் பள்ளிக்கூடத்துல கொடுத்த இலவச லேப்டாப் இப்ப எங்கிட்டதான். விண்டோஸோட, சென்னை சிடாக் உருவாக்குன பாஸ் லினக்ஸும் அதுல போட்டே வந்துச்சு. நான் தமிழ்ல தட்டச்சு பழகுனது பாஸ்லதான். அந்த நன்றி இருக்கு.

பிறகு உபுண்டு போட்டேன். 2 ஜிபி ரேம் தாங்கல. மானாவாரிக் கரிசல்ல நெல்லு நட்ட கதைதான். இப்ப லினக்ஸ் மின்ட், அதுலயும் எக்ஸ்எஃப்சிஇ. மெனு கீழ் மூலையில, பழகுன இடத்துலயே இருக்கு. பிரவுசர்ல நாலஞ்சு பக்கம் தொறந்தா மூச்சு வாங்கும், இல்லைங்கல. ஆனா மிளகாய்க் கணக்கு லிப்ரே ஆபிஸ்ல தடையில்லாம ஓடுது.

திருச்சுழிப் பக்கம் இந்த லேப்டாப்புக பழைய இரும்புக்குப் போகுது. பார்த்தா வயிறெரியுது. எடைக்குப் போடுறதுக்கு முன்னால ஒரு பென்டிரைவ்ல மின்ட்டை ஏத்தி ஓட்டிப் பாருங்க. உள்ள இருக்கிறதை அழிக்காமலே பார்க்கலாம். பிடிச்சா மட்டும் இன்ஸ்டால் பண்ணுங்க.