அழிந்தது கைகாட்டிதான், ஊர் இல்லை!

கேள்வி: அக்காவுக்கு ப்ளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப்பை இப்போது நான் வைத்திருக்கிறேன். அதிலிருந்த பாஸ் லினக்ஸோடு உபுண்டுவையும், அதன் பிறகு டெபியனையும் போட்டிருந்தேன். இடம் போதவில்லை என்று டெபியன் இருந்த பார்ட்டிஷனை அழித்தேன். இப்போது ஆன் செய்தால் கறுப்புத் திரையில் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று வந்து நின்றுவிடுகிறது. கடையில் ஃபார்மட் செய்யச் சொல்கிறார்கள். என் புராஜெக்ட் முழுவதும் உபுண்டுவில் இருக்கிறது. பத்து நாளில் வைவா. என்ன செய்வது?
- கல்லூரி மாணவி, சேத்தியாத்தோப்பு

பதில்: முதலில் ஃபார்மட் வேண்டாம். உபுண்டு பார்ட்டிஷனை நீங்கள் தொடவில்லை என்றால், புராஜெக்ட் பத்திரமாகவே இருக்கும்.

உங்கள் ஊர் குறுக்கு ரோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் சிதம்பரம், ஒரு பக்கம் விருத்தாசலம், ஒரு பக்கம் வடலூர், இன்னொரு பக்கம் கும்பகோணம். அங்கே கைகாட்டி விழுந்துவிட்டால் புதிதாக வருபவர் திகைத்து நிற்பார். அதற்காகச் சிதம்பரம் காணாமல் போய்விடுமா? கம்ப்யூட்டரில் அந்தக் கைகாட்டிதான் ‘கிரப்’ என்கிற பூட் லோடர்.

2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் வந்த பழைய மாடல்களில், வட்டின் முதல் 512 பைட்டில்தான் பூட் லோடரின் தொடக்கம் இருக்கும். அதிலும் நிரலுக்குக் கிடைப்பது 446 பைட் மட்டுமே. மெனு உள்ளிட்ட மற்றதெல்லாம் ஏதாவது ஒரு லினக்ஸின் பார்ட்டிஷனுக்குள் இருக்கும். கடைசியாக எந்த லினக்ஸைப் போடுகிறோமோ, வழக்கமாக அதுவே கைகாட்டியைத் தன் வசம் எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு அது டெபியன். டெபியனை அழித்ததும் கிரப்பின் மீதிப் பாகமும் போய்விட்டது. நடந்தது அவ்வளவுதான்.

இனி செய்ய வேண்டியது:

1. தோழியின் கம்ப்யூட்டரில் உபுண்டு பென் டிரைவ் ஒன்று தயார் செய்யுங்கள். அதிலிருந்து லேப்டாப்பைத் தொடங்கி, ‘ட்ரை உபுண்டு’வைத் தேர்ந்தெடுங்கள். ‘இன்ஸ்டால்’ பக்கம் போகாதீர்கள்.

2. ஃபைல் மேனேஜரில் பழைய உபுண்டு பார்ட்டிஷனைத் திறந்து, புராஜெக்ட்டை வேறொரு பென் டிரைவில் நகல் எடுங்கள். மற்ற வேலையெல்லாம் இதற்குப் பிறகுதான்.

3. டெர்மினலில் ‘எல்எஸ்பிஎல்கே’ கட்டளை கொடுத்தால் வட்டுகளின் பட்டியல் வரும். அளவைப் பார்த்து எது லேப்டாப் வட்டு, எது பென் டிரைவ் என்று உறுதி செய்யுங்கள். உபுண்டு பார்ட்டிஷனை மவுண்ட் செய்து, அதன் பூட் ஃபோல்டரைக் குறிப்பிட்டு, ‘கிரப்-இன்ஸ்டால்’ கட்டளையை லேப்டாப் வட்டுக்குக் கொடுங்கள். பார்ட்டிஷன் எண்ணைச் சேர்க்காமல் முழு வட்டின் பெயரைத்தான் தர வேண்டும்.

4. பென் டிரைவை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். உபுண்டு வந்ததும் ‘அப்டேட்-கிரப்’ கட்டளையை ஒருமுறை கொடுங்கள்.

மெனுவில் பாஸ் தெரியவில்லை என்றால் பதற வேண்டாம். 2021-ல் வந்த கிரப் 2.06 முதல், மற்ற சிஸ்டங்களைத் தேடும் ‘ஓஎஸ்-புரோபர்’ வசதி தானாக இயங்குவதில்லை. ‘ஈடிசி’ ஃபோல்டருக்குள் ‘டீஃபால்ட்’ ஃபோல்டரில் உள்ள ‘கிரப்’ ஃபைலில், அதைத் தடுக்கும் வரியின் மதிப்பை ‘ஃபால்ஸ்’ என்று மாற்றி, மறுபடி ‘அப்டேட்-கிரப்’ கொடுங்கள்.

இனி உபுண்டுவே கைகாட்டியின் பொறுப்பாளர். பாஸில் புது கெர்னல் ஏறினாலும் உபுண்டுவுக்கு வந்து ‘அப்டேட்-கிரப்’ கொடுத்தால்தான் மெனுவுக்குத் தெரியும். எந்த லினக்ஸை நீக்குவதாக இருந்தாலும், கிரப் யார் கையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

யூஇஎஃப்ஐ உள்ள புது லேப்டாப்களில் இந்தத் தொல்லை குறைவு. ஒவ்வொரு லினக்ஸும் அங்கே பொதுவான ஒரு சின்னப் பார்ட்டிஷனில் தனக்கென ஒரு ஃபோல்டர் வைத்துக்கொள்ளும்.

வைவா நல்லபடியாக முடியட்டும். அதுவரை அந்த லேப்டாப்பில் நான்காவது லினக்ஸ் வேண்டாம்!