உலைக்கு முன்னால் ஒரு கிடங்கு

டயரைக் காற்றில்லாமல் சூடாக்கி எண்ணெய் எடுக்கும், பத்து டன் கொள்ளளவுள்ள பைராலிசிஸ் உலையை ஒரு முறை நிரப்ப ஏறக்குறைய 180 லாரி டயர்கள் வேண்டும். திருவண்ணாமலையில் டயர் எண்ணெய் ஆலை தொடங்கலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் போட வேண்டிய கணக்கு இது.

ஊரைப் பார்த்தால் டயருக்குப் பஞ்சமில்லை என்றுதான் தோன்றும். கிருஷ்ணகிரி – திண்டிவனம் சாலையும் வேலூர் – தூத்துக்குடி சாலையும் இங்கே சந்திக்கின்றன. பௌர்ணமிதோறும் கிரிவலத்துக்குச் சிறப்புப் பேருந்துகள் வருகின்றன. தீபத்தின்போது ஊரைச் சுற்றித் தற்காலிக நிலையங்களே அமைக்க வேண்டியிருக்கிறது. ஆனால் வந்துபோகும் பேருந்தின் டயர் நம் சாலையில் தேய்ந்தாலும், கழற்றப்படுவது அதன் சொந்தப் பணிமனையில்தான். திருவண்ணாமலைக்கு மிஞ்சுவது உள்ளூர் பைக், ஆட்டோ, டிராக்டர், லாரிகளின் டயர்கள். அவையும் பஞ்சர் கடைகளிலும் காயலான் கடைகளிலும் சிதறிக் கிடக்கின்றன. நாளுக்கு 20 டன் கையாளும் தொடர் உலை ஆண்டுக்கு 300 நாள் ஓட 6,000 டன் வேண்டும். அதாவது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட லாரி டயர்கள். அவ்வளவு டயரை இந்த மாவட்டம் தரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

டயர் போதாத இடத்துக்கு வந்து சேர்வது சிறிய தொகுதி உலை. நம் டயர் மறுசுழற்சித் துறையின் கெட்ட பெயர் பெரும்பாலும் அங்கிருந்துதான் பிறந்தது. 2019-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் வைக்கப்பட்ட கணக்கில் 19 மாநிலங்களில் 637 ஆலைகள் இருந்தன. விதிப்படி நடந்தவை 251; மீறியவை 270; மூடப்பட்டவை 116. 2025 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் வாடாவில் டயர் ஆலை ஒன்று வெடித்து இரண்டு பெண்களும் இரண்டு குழந்தைகளும் இறந்தார்கள். தொகுதி உலையில் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் கதவைத் திறந்து கரியை வெளியே எடுத்தாக வேண்டும். முழுதும் ஆறாமல், உள்ளே தங்கிய வாயுவை நைட்ரஜன் செலுத்தி வெளியேற்றாமல் திறந்தால், காற்று புகும் அந்த நொடியே ஆபத்து. அடுத்த சுற்றுக்கு அவசரப்படும் முதலாளி ஆறவிட வேண்டிய நேரத்தில்தான் கை வைக்கிறார். அந்தக் கரித்தூளைச் சாக்கில் அள்ளுகிற தொழிலாளியின் நுரையீரல் எந்த லாபக் கணக்கிலும் வருவதில்லை.

எண்ணெயைப் பற்றியும் நேராகப் பேசிவிடலாம். டயர் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் எண்ணெயாகிறது. அதன் வெப்பத்திறன் டீசலுக்கு அருகில் நிற்கிறது என்பதும் உண்மை. ரப்பரைக் கெட்டிப்படுத்தச் சேர்த்த கந்தகத்தில் ஒரு பங்கு எண்ணெயோடு வருவதும் அதே அளவு உண்மை. எண்ணெயில் அது சுமார் ஒரு சதவீதம். 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் விற்கும் பி.எஸ். 6 டீசலில் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் கந்தகம் கூடாது. இடைவெளி ஆயிரம் மடங்கு. காய்ச்சி வடித்தால் நிறம் தெளியும், கந்தகம் போகாது. ஆகவே ‘டயரிலிருந்து டீசல்’ என்று விளம்பரம் செய்வதை நாம் நிறுத்த வேண்டும். இது புகைக் கட்டுப்பாடு உள்ள தொழிற்சாலை உலைக்கான எண்ணெய்; வண்டிக்கானது ஆகாது. மூன்றில் ஒரு பங்காக மிஞ்சும் கரியில் சாம்பலும் துத்தநாகமும் கலந்திருப்பதால், அரைத்துத் தரம் உயர்த்தாமல் டயர் நிறுவனங்கள் அதைத் தொடா.

உலை வேண்டாமென்றால் மொட்டை டயரை என்ன செய்வது? முதலில் ரீட்ரேட். நல்ல லாரி ரேடியல் கூடு இரண்டு முறையாவது அதைத் தாங்கும். அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் நெடுங்காலமாகச் செய்வதும் இதையே. கூடு போனபின் ரப்பர் தூளாக்கித் தாரில் கலக்கலாம். கும்மிடிப்பூண்டியில் அந்தத் தொழில் நடக்கிறது. அதற்கும் உதவாததற்கு அரியலூர் சிமென்ட் சூளைகள் இருக்கின்றன. 1,400 டிகிரிக்கு மேல் கொதிக்கும் அந்தச் சூளையில் டயரின் இரும்பு கிளிங்கரோடு சேர்கிறது, கந்தகத்தின் பெரும்பகுதியைச் சுண்ணாம்பு பிடித்துக்கொள்கிறது, அள்ளக் கரி மிஞ்சுவதில்லை. எரிபொருளாக்குவது என்றால் இந்த வழியே எனக்கு நேர்மையானதாகப் படுகிறது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வேண்டியது சேகரிப்பு. 2022 ஜூலையில் வந்த உற்பத்தியாளர் பொறுப்பு விதி, டயர் நிறுவனங்களின் மறுசுழற்சிக் கடமையை 35, 70, 100 சதவீதம் என்று மூன்றே ஆண்டுகளில் ஏற்றியது. பைராலிசிஸுக்காகப் பழைய டயர் இறக்குமதி செய்வதையும் தடுத்தது. வரவேற்கிறோம். ஆனால் அந்தக் கடமையைத் தீர்க்க நிறுவனங்கள் வாங்கும் சான்றிதழ் பிறப்பது மறுசுழற்சி ஆலையின் வாசலில். டயரைத் திரட்டித் தரும் காயலான் கடைக்காரருக்குக் கிடைப்பது எடைக்கான விலை மட்டும். சான்றிதழ் வருமானத்தில் அவருக்கும் ஒரு பங்கு போகாதவரை போகி நெருப்பில் டயர் விழுந்துகொண்டுதான் இருக்கும்.

2024-ல் மாநகராட்சியான திருவண்ணாமலை ஒரு கிடங்கிலிருந்து தொடங்கட்டும். கூரை கட்டாயம் வேண்டும். மழைநீர் தேங்கிய டயரில்தான் டெங்குக் கொசு பெருகுகிறது. குவியல்களைச் சிறிதாக, இடைவெளி விட்டு அடுக்க வேண்டும். டயர் மலை பற்றிக்கொண்டால் அணைப்பது மிகக் கடினம். எடைமேடை ஒன்றும் வெட்டும் இயந்திரம் ஒன்றும் போதும். முழு டயரை ஏற்றும் லாரி பாதிக்கு மேல் காற்றைத்தான் சுமக்கிறது. துண்டாக்கினால் அரியலூர் வரையான வாடகை கட்டுப்படியாகும்.

வட மாவட்டங்களில் பணிபுரியும் வாசகர்கள் தங்கள் ஊரில் மாதம் எத்தனை டன் டயர் கழிகிறது, எந்த வகை, யார் கைக்குப் போகிறது என்ற விவரத்தை எடைச் சீட்டோடு எங்களுக்கு அனுப்ப வேண்டுகிறோம். வருகிற கணக்குகளை மாவட்டவாரியாக இந்தப் பக்கங்களில் வெளியிடுவோம்.